“பிள்ளையைக் கிளினிக்கில் காட்டுங்க” என்று ரீச்சர் சொன்னால்

தங்கச்சி, நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் தரம் படிக்கிறான், வகுப்பில் ஒரு இடத்தில் இருக்கிறான் இல்லை, பாதி எழுதி பாதி விடுகிறான், எழுத்துகள் இடம் மாறி வருகின்றன, இரவில் இன்னும் பாய் நனைகிறது. வகுப்பு ரீச்சர் “ஆஸ்பத்திரியில மனநலக் கிளினிக்குல ஒருக்காக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டார். மாமி “பிள்ளைக்கு விசர்ப் பட்டம் கட்டப் போறியா” என்று அழுகிறார். கணவர் கட்டாரில், “நான் வந்து பார்க்கிறன், அதுவரைக்கும் ஒண்டும் செய்யாத” என்கிறார். நீங்கள் என்னிடம் கேட்டது மூன்று: அங்கே பிள்ளையை என்ன செய்வார்கள், குளிசை கொடுத்து மயக்கி வைப்பார்களா, வெளியில் தெரிந்தால் அவனுடைய எதிர்காலம் என்ன ஆகும்.

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பிலும் பிறகு அம்பாறைக் கரையோரத்திலும் பல வருஷம் இந்தக் கிளினிக்குகளில் மனநல சமூகப் பணியாளராக இருந்தவள். டொக்டரைப் பார்க்க முன்னும் பார்த்த பின்னும் அம்மாமார் வந்து இருக்கிற கதிரைக்கு எதிர்க் கதிரை என்னுடையது. அதனால் உங்கள் பயம் எனக்குப் புதிதில்லை, அதைச் சின்னதாகவும் நினைக்கவில்லை. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொண்டு போங்கள். கணவர் லீவில் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எட்டு வயதில் ஒரு வருஷம் என்பது பெரிய காலம், அந்த ஒரு வருஷத்தில் அவன் நாலாம் தரத்துக்குப் போய்விடுவான், வாசிக்கத் தெரியாமலே போய்விடுவான், அதற்குள் “நான் மொக்கன்” என்று தானே முடிவு கட்டியும் விடுவான்.

மாமியைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு காலம் மனநோய் என்றால் அங்கொடை, கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநல ஆஸ்பத்திரி, என்றுதான் அர்த்தம். இங்கிருந்து ஒருவரைக் கட்டாத குறையாகப் பஸ் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டு போய் விட்டுவிட்டு வருவது, அவர் வருஷக்கணக்கில் அங்கேயே கிடப்பது, இதையெல்லாம் கண்ட, கேட்ட தலைமுறை அவர். “அங்கொடைக் கேஸ்” என்பது இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சண்டைகளில் வருகிற வசைச்சொல். நிலைமை மாறியது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். மனநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில் இங்கேயே சிகிச்சை, ஊருக்குள் போய்ப் பார்க்கிற வேலை என்று ஒரு பழக்கம் உருவானது. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது, 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை சேவையைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னது. இன்றைக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தனி மனநலப் பிரிவு இருக்கிறது. வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோர ஆஸ்பத்திரிகளிலும் மனநல சேவை இருக்கிறது. எல்லாம் இலவசம். சளிக்கும் காய்ச்சலுக்கும் போகிற அதே கேற்றால்தான் உள்ளே போகப் போகிறீர்கள். இதை மாமிக்குச் சொல்லுங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் கண்ட வரைக்கும், கூட வந்த மாமிமார் திரும்பிப் போகும்போது வேறு ஆட்களாகத்தான் போனார்கள்.

சரி, அங்கே என்ன நடக்கும்.

பெரும்பாலும் கதைதான். முதல் நாள் நேர்ஸ் நிறையும் உயரமும் பார்த்து எழுதுவார். பிறகு டொக்டரோ அவரோடு வேலை செய்கிற ஒருவரோ உங்களிடம் கேட்கத் தொடங்குவார், அது பிள்ளை வயிற்றில் இருந்த நாளிலிருந்து தொடங்கும். அப்போது உங்களுக்குப் பிரஷர் இருந்ததா, பிரசவம் சுகமா ஒப்பரேஷனா, பிறந்த உடனே அழுதானா, நிறை எவ்வளவு, மஞ்சளுக்கு லைட்டில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா, தலையடிபட விழுந்தானா, எப்போது இருந்தான், எப்போது நடந்தான், முதல் சொல் எப்போது, இரண்டு சொல் சேர்த்து எப்போது. இவ்வளவும் ஒரு தாய்க்கு ஞாபகம் இருக்காது. அதற்குத்தான் மருத்துவமாது தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, அந்தக் கிளினிக் புத்தகம். ஊசி போட்டு முடிந்தது என்று அலுமாரிக்கு மேலே போட்டிருப்பீர்கள், தேடி எடுங்கள். அதில் இருக்கிற நிறைக்கோடும் வளர்ச்சிப் படிகளும் டொக்டருக்கு உங்கள் அரை மணி நேரக் கதையை விட அதிகம் சொல்லும்.

அப்புறம் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். யார் யார் இருக்கிறார்கள், பிள்ளை யாரோடு படுக்கிறான், யார் அடிக்கிறார், யார் அணைக்கிறார், வீட்டில் குடி உண்டா, கடன் உண்டா. சில அம்மாமாருக்கு இது கோபம் வரும். “நான் பிள்ளையைக் காட்ட வந்தன், என்ர புருஷனைப் பற்றி ஏன் கேக்கிறீங்க” என்று எழும்பிப் போனவர்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் கஷ்டத்தைச் சொல்ல வார்த்தை இல்லை, தங்கச்சி. அவனுக்கு வயிற்று வலி வரும், பாய் நனையும், பென்சில் கடிபடும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வீட்டுக்குள்ளும் பார்க்கத்தான் வேண்டும், குற்றவாளி தேடுவதற்காகக் கேட்பதில்லை.

பிள்ளையோடு தனியாகவும் இருப்பார்கள். கட்டைகள் அடுக்கச் சொல்வார்கள், வீடு கீறச் சொல்வார்கள், “உன்ர வீட்டு ஆக்களைக் கீறு பாப்பம்” என்பார்கள், கதை கேட்பார்கள், கொஞ்சம் வாசிக்க வைப்பார்கள். ஊசி இல்லை, ஷொக் இல்லை, அறைக்குள் பூட்டுவது இல்லை. கண்ணையும் காதையும் சோதிக்க வேறு கிளினிக்குக்கு அனுப்பக்கூடும், அலுத்துக்கொள்ளாமல் போங்கள். “சொல்வழி கேக்கிறான் இல்ல” என்று இரண்டு வருஷம் பிரம்படி வாங்கிய ஒரு பிள்ளைக்கு, பார்த்தால் இரண்டு காதின் உள்ளேயும் நீர் கட்டியிருந்தது, பாதிச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பிள்ளை வகுப்பில் “கனவு காண்கிறாள்” என்று ரீச்சர் எழுதியிருந்தார், அது சில விநாடி மட்டும் கண் நிலைத்துப் போகிற ஒரு வகை வலிப்பு. இரத்தம் குறைந்த பிள்ளை சோம்பேறி மாதிரித் தெரியும். உங்கள் மகன் இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா என்று ஒருக்காக் கவனித்துப் பாருங்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து மூச்சு தடைப்படும் பிள்ளைகளுக்குச் சரியான நித்திரை இருக்காது, பகலில் துடியாட்டமும் கவனக்குறைவும் இரவில் பாய் நனைவதும் சேர்ந்தே வரலாம். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் இருந்ததால்தான் இதைச் சொல்கிறேன்.

இந்தக் கிளினிக்கில் பெரிய மெஷின் ஒன்றும் கிடையாது. படம் எடுத்து “இதோ இங்கே பிழை” என்று காட்ட முடியாது. நீங்கள் கொண்டு வருகிற கதைதான் அங்கே ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும். அதனால் போக முன் இரண்டு வாரம் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வையுங்கள். “குழப்படி” என்று எழுத வேண்டாம். “சோறு சாப்பிட இருந்தான், முடிய முன் ஐந்து தரம் எழும்பினான்”, “மாமா வீட்டில் கரம் போர்ட் விளையாட அரை மணி நேரம் அசையாமல் இருந்தான்”, “செவ்வாய் புதன் பாய் நனையவில்லை, வியாழன் ரியூசனில் அடி வாங்கினான், அன்றிரவு நனைந்தது”. இப்படி எழுதிய ஒரு பக்கம் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. அம்பாறைப் பக்கம் இது இன்னும் முக்கியம், அங்கே பல இடங்களில் டொக்டர் சிங்களம் பேசுபவராக இருப்பார், நீங்கள் சொல்வதை இடையில் ஒருவர் மொழிமாற்றிச் சொல்வார். “துடியாட்டம்” என்ற சொல்லை அவர் எப்படிச் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாது, ஆனால் “ஐந்து தரம் எழும்பினான்” எந்த மொழியிலும் ஐந்து தரம்தான். மொழிமாற்றுகிறவர் சுருக்கிச் சொல்வதாகத் தோன்றினால் “முழுதாகச் சொல்லுங்க சேர்” என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இனி உங்கள் மகனைப் பற்றி. எழுத்தில் பார்த்து எனக்கு நோய் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றையும் கிளினிக்கில் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று சொல்லலாம்.

இருந்த இடத்தில் இராதது. இதைக் கேட்டவுடனே எல்லாரும் இப்போது “ஏடிஎச்டி” என்கிறார்கள், கவனக்குறைவும் துடியாட்டமும் சேர்ந்த நிலைக்கு போன் பார்த்துப் பழகிய சொல். அப்படி ஒன்று இருக்கிறது, அது உண்மையான நிலை, உலகம் முழுக்கப் பார்த்தால் நூற்றில் ஐந்து பிள்ளைகளுக்கு அளவில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல விதி உண்டு. பன்னிரண்டு வயதுக்கு முன்னமே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும், ஒரு இடத்தில் மட்டும் இல்லாமல் வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், அதனால் படிப்போ பழக்கமோ கெட வேண்டும். வகுப்பில் மட்டும் எழும்பி ஓடுகிற பிள்ளை வீட்டில் அமைதி என்றால், வகுப்பில் என்ன நடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். வாசிக்க முடியாத பிள்ளைக்கு வாசிப்புப் பாடம் நாற்பது நிமிஷச் சித்திரவதை, அவன் எழும்பி ஓடாமல் என்ன செய்வான்? அதே நேரம், “போனை மட்டும் இரண்டு மணி நேரம் பார்க்கிறானே, கவனம் இருக்குத்தானே” என்று நீங்கள் எழுதியதை வைத்து ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது. போன் விநாடிக்கு விநாடி மாறி அவனை இழுத்து வைத்திருக்கிறது, அது அவனுடைய கவனம் இல்லை. ரீச்சரின் கடிதம் ஏன் வேண்டும் என்று இப்போது விளங்கும். அதில்லாமல் போனால் பெரும்பாலும் “அதைக் கொண்டு வாங்க” என்று ஒரு மாதம் திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

எழுத்து. இதில் நான் கொஞ்சம் நீட்டிக் கதைக்கப் போகிறேன், ஏனென்றால் எங்கள் பள்ளிக்கூடங்களில் இதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, நாங்கள் பழகிவிட்டதால் தெரிவதில்லை. “கெ” என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க், பிறகுதான் எ. எழுதும்போது கொம்பு முதலில், க பிறகு. “கொ” என்றால் ஒரு பக்கம் கொம்பு, மறு பக்கம் கால். காது கேட்கிற ஒழுங்கும் கை எழுதுகிற ஒழுங்கும் வேறு வேறு. போதாததற்கு ல, ள, ழ, ர, ற, ந, ன, ண, எங்கள் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகவே வரும். முதலாம் இரண்டாம் தரத்தில் எல்லாப் பிள்ளையும் இதில் தடுக்கும், அது இயல்பு. மூன்றாம் தரத்திலும் “அம்மா”, “படம்” தாண்டி வாசிக்கத் திணறினால், மற்றப் பிள்ளைகள் ஒரே பார்வையில் வாசிக்கிற சொல்லை இவன் இன்றைக்கும் எழுத்துக் கூட்டியே வாசித்தால், வாய்க்கணக்கிலும் கதை சொல்வதிலும் கெட்டிக்காரனாக இருந்துகொண்டு கொப்பியில் மட்டும் பின்தங்கினால், அது கற்றலில் இருக்கிற ஒரு குறிப்பிட்ட கஷ்டமாக இருக்கலாம். புத்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சோம்பலும் இல்லை. இதற்கு மருந்தும் இல்லை, வேறு விதமாகச் சொல்லிக் கொடுப்பதுதான் வைத்தியம்: மணலில் எழுதுவது, எழுத்தை வெட்டி ஒட்டுவது, ஒலியைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது, ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம், ஒவ்வொரு நாளும். சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது, வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் கிட்டிய இடத்தைச் சொல்வார்கள். கிளினிக்கின் அறிக்கை கையில் இருந்தால் பிறகு பரீட்சைகளில் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கவும் உதவும். இதைப் பதினொராம் தரத்தில் வந்து கேட்டு அழுத தாய்மாரைக் கண்டிருக்கிறேன், நீங்கள் மூன்றாம் தரத்தில் கேட்கிறீர்கள், நல்ல நேரத்தில்தான் நிற்கிறீர்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் வாசிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிடுவார்கள், அதனால் இது தானாக யார் கண்ணிலும் படாது. உங்கள் ரீச்சரின் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் மேல் கோபப்பட வேண்டாம்.

ரியூசனை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பேயை மூன்றாம் தரத்திலேயே வீட்டுக்குள் கூட்டி வந்துவிடுகிறோம்.

பாய் நனைவது. மூன்றிலும் இதுதான் உங்களுக்கு வெட்கம் தருகிறது என்று எழுத்திலேயே தெரிந்தது, கடைசி வரியில் ஒளித்து எழுதியிருந்தீர்கள். ஐந்து வயதுக்கு முன் இதை யாரும் பிரச்சினை என்றே கணக்கெடுப்பதில்லை. ஐந்து வயதில் ஏறக்குறைய ஏழு பிள்ளைக்கு ஒரு பிள்ளை நனைக்கும், வருஷா வருஷம் அதில் ஒரு பங்கு தானாகவே நின்றுகொண்டு வரும், பத்து வயதிலும் நூற்றில் ஐந்து பேருக்கு இருக்கும். ஆண் பிள்ளைகளில் அதிகம், பரம்பரையாகவும் வரும். மாமியிடம் ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், “மாமி, இவரு எத்தனை வயசு வரைக்கும் பாய் நனைச்சவரு” என்று. பதில் வந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். டொக்டர் கேட்கப் போவது இதுதான்: எப்போதாவது ஆறு மாதம் காய்ந்து இருந்து பிறகு திரும்பத் தொடங்கியதா, இல்லை என்றைக்குமே நிற்கவில்லையா. இடையில் நின்று திரும்ப வந்தது என்றால் பயம், அப்பா வெளிநாடு போனது, அடி, சிறுநீர்த் தொற்று, சீனி வருத்தம் என்று தேட வேண்டும். என்றைக்குமே நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் உடம்பு முதிரப் பொறுத்திருப்பதுதான். மலச்சிக்கல் இருந்தாலும் சொல்லுங்கள், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும், இதை யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் செய்ய வேண்டியது: பகலில் தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும், பொழுதுபட்ட பிறகு தேத்தண்ணி வேண்டாம், படுக்க முன் கட்டாயம் ஒருக்காப் போகட்டும். காய்ந்த பாய்க்குப் பரிசு கொடுக்காதீர்கள், நித்திரையில் நடப்பது அவன் கையில் இல்லை. படுக்க முன் மறக்காமல் போனதற்குப் பாராட்டுங்கள், அது அவன் கையில் இருக்கிறது. நனைந்த துணியைத் தங்கச்சிமாருக்கு முன்னால் தூக்கிக் காட்டுவதை யார் செய்தாலும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

குளிசைக்கு வருவோம். முதல் நாளே குளிசை எழுதிக் கொடுப்பது அரிது. ஏடிஎச்டி என்று உறுதியாகி, வீட்டிலும் வகுப்பிலும் செய்கிற மாற்றங்கள் போதாமல் இருந்தால், மெதில்ஃபெனிடேட் என்ற மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். அது மயக்குகிற மருந்து இல்லை, நித்திரைக் குளிசையும் இல்லை. சாதாரண குளிசை நாலு மணித்தியாலம் அளவில் வேலை செய்யும், அதனால்தான் பள்ளிக்கூட நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். பசி குறையலாம், நித்திரை பிந்தலாம், அதற்காகத்தான் ஒவ்வொரு வருகையிலும் நிறை, உயரம், நாடி, பிரஷர் பார்ப்பது. காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுத்துவிட்டுக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. டொக்டர் சொன்ன அளவில் எடுக்கிற பிள்ளை அடிமையாகிப் போவதில்லை. பிள்ளை பொம்மை மாதிரி ஒடுங்கிப் போனால் அளவு அதிகம் என்று அர்த்தம், உடனே போய்ச் சொல்லுங்கள். நீங்களாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து வெளியில் வாங்கச் சொன்னால் வெட்கப்படாமல் “வாங்க வசதி இல்லை, வேறு வழி என்ன” என்று கேளுங்கள். 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் மருந்து இல்லாமல் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை.

மாமி நூல் கட்ட வேண்டும், மந்திரிக்கிற கட்டாடியாரிடம் பார்வை பார்க்க வேண்டும் என்கிறாரா? கட்டட்டும். முஸ்லிம் வீடுகளில் தண்ணி ஓதிக் கொடுப்பார்கள், அதையும் நாங்கள் தடுத்ததில்லை. அம்மன் சடங்குக்கு நேர்த்தி வைத்த தாய்க்கு மனதில் கொஞ்சம் ஆறுதல் வந்தால் அந்த ஆறுதல் பிள்ளைக்கும் வரும். ஆனால் புகை போடுவது, அடித்துப் பேயோட்டுவது, கிளினிக் திகதியைத் தள்ளிவைத்துவிட்டு நாற்பது நாள் பூசை செய்வது, இதற்குச் சம்மதிக்காதீர்கள். அதிலே நான் உறுதியாகவே நிற்பேன், பெண் பிள்ளைகள் பதினொராம் தரத்து ஓ.எல். பரீட்சைக்கு முன் மயங்கி மயங்கி விழும்போது வீட்டார் பேயென்று சொல்லி அவர்களை அடித்த காயங்களைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை, சொல்ல முடியாத பயம் உடம்பால் வெளியே வந்தது, ஒருவர் இருந்து காது கொடுத்துக் கேட்டதும் மெல்ல மெல்ல நின்றது.

கணவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த வெயிலில் நின்று உழைக்கிறவர். ஆனால் போனில் அவர் மகனிடம் கேட்கிற முதல் கேள்வி என்ன என்று கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது “இண்டைக்கு என்ன குழப்படி செய்த நீ” என்பதாகத்தான் இருக்கும். அப்பா என்றால் திட்டுகிற ஒரு முகம், பத்து நிமிஷம், போன் கண்ணாடிக்குள்ளே. இரண்டு கிழமைக்கு அவரை வேறு மாதிரிக் கதைக்கச் சொல்லுங்கள்: மகன் கீறிய படத்தைப் பார்க்கட்டும், அங்கே தன் அறையைக் காட்டட்டும், படிப்புப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கிளினிக்கில் கேட்டால் அவரோடு போனில் பேசவும் பலர் தயாராக இருப்பார்கள், டொக்டர் வாயால் கேட்டால் ஆண்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள். வெளிநாட்டில் அம்மா, வீட்டில் அம்மம்மா என்று வளர்கிற பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம், அங்கேயும் இதே கதைதான்.

ஊருக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு: கிளினிக்கில் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குச் சொல்வதில்லை. ரீச்சருக்கு என்ன எழுத வேண்டும் என்று டொக்டரோடு பேசித் தீர்மானிக்கலாம், “முன் வாங்கில் இருத்துங்கள், ஒரு நேரம் ஒரு வேலை கொடுங்கள், அடிக்க வேண்டாம்” என்று மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், நோயின் பெயர் போட வேண்டிய அவசியமே இல்லை. அடி பற்றிச் சொல்லும்போது, பாடசாலையில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சே சுற்றறிக்கை போட்டுத் தடுத்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளைக்கு யாராவது துன்பம் செய்கிறார்கள், உடம்பில் கை வைக்கிறார்கள் என்று தெரிய வந்தால் கிளினிக் அதை இரகசியமாக வைத்திருக்காது, வைத்திருக்கவும் கூடாது. 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் அதற்காகத்தான் இருக்கிறது.

எங்கள் மாவட்டங்களில் இந்த வேலைக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதையும் சொல்லாமல் போக மனமில்லை. யுத்தம், சுனாமி, 2019 உயிர்த்த ஞாயிறன்று சியோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பு, இவ்வளவும் கண்ட மண். 1996இலேயே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்று தொடங்கி, யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகளை, தமிழ் முஸ்லிம் என்று பாராமல், மண்ணிலும் நிறத்திலும் கதையிலும் விளையாட விட்டார்கள். அப்போது அதைப் பார்த்து “விளையாடினால் மனசு ஆறுமா” என்று கேட்டவர்கள் உண்டு. சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து இறங்கினார்கள், மொழி தெரியாமல், சில கிழமைக்கு, பிள்ளைகளிடம் “அலை வந்த நாளைக் கீறு” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு அப்போது தேவைப்பட்டது பழகிய முகம், திறந்த பள்ளிக்கூடம், நேரத்துக்குச் சோறு, இரவில் பக்கத்தில் ஒரு ஆள். இன்றைய அம்மாமாரில் பலர் அன்றைய பிள்ளைகள். உங்கள் வயதை வைத்துப் பார்த்தால் நீங்களும் அந்த அலையைக் கண்ட பிள்ளையாகத்தான் இருப்பீர்கள். கிளினிக்கில் உங்களைப் பற்றிக் கேட்டால், நித்திரை வருகிறதா, பயம் வருகிறதா என்று கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள்.

குறையும் சொல்லிவிட வேண்டும். சிறுவர்களுக்கென்றே படித்த மனநல வைத்திய நிபுணர்கள் நாட்டிலேயே மிகக் குறைவு, கஷ்டமான சிலரைக் கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வரும். பேச்சுச் சிகிச்சைக்கு வரிசை நீளம். பழகிய டொக்டர் இடமாற்றத்தில் போய்விடுவார், புதியவருக்கு எல்லாக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதற்குத்தான் உங்கள் சின்னக் கொப்பி. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து வருகிற தாய்மாருக்கு இது இன்னும் கஷ்டம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொஞ்சம் லேசு, அதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து, நம்பர் எடுக்கும்போது பத்து மணி ஆகிவிடும். ஒரு நாள் கூலியும் போகும். தூரத்தால் வர முடியாதவர்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும், சின்னப் பிள்ளை என்றால் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் போய்க் கேளுங்கள், எம்.ஓ.எச். என்கிற சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் வழி சொல்வார்கள். இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்க்காத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளை, விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை என்றால் “ஆம்பிளப் பிள்ளை, பிந்தித்தான் பேசும்” என்று இருக்க வேண்டாம், உங்கள் அயலில் யாருக்காவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

நம்பர் எடுத்துக் காத்திருக்காமல் உடனே போக வேண்டியவையும் உண்டு. வளர்ந்த பிள்ளை “நான் இல்லாமப் போனா நல்லம்” என்று சொன்னால், தன்னைத் தானே காயப்படுத்தினால், சாப்பாடு நித்திரை விட்டு ஒதுங்கினால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் எடுத்துத் தமிழில் கதைக்கலாம். வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டில் வைத்திருந்தால் பூட்டி, திறப்பை வேறு இடத்தில் வையுங்கள். உங்கள் மகனுக்கு இது இல்லை, ஆனால் வயல் பக்கத்து வீடுகளில் இதை ஒவ்வொரு தடவையும் சொல்வது என் பழக்கம்.

போகிற நாளுக்கு: முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துச் சிறுவர்களைப் பார்க்கிற நாள் எது என்று கேளுங்கள். பிறப்புச் சான்றிதழும் மருத்துவமாதுவின் புத்தகமும், ரீச்சரின் கடிதம், இந்த வருஷக் கொப்பிகளோடு முதலாம் இரண்டாம் தரக் கொப்பி மிச்சம் இருந்தால் அதுவும். மகனுக்கு உண்மையைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள், “கடைக்குப் போவம்” என்று பொய் சொல்ல வேண்டாம். “நீ எழுதக் கஷ்டப்படுறாய், அது ஏன் என்று பாக்கிற ஒரு டொக்டர் இருக்கார், ஊசி போட மாட்டார்” என்று சொன்னால் போதும். காத்திருக்கிற நேரம் நீளும், அவனுக்குப் பிடித்த சாப்பாடும் தண்ணீரும் கீற ஒரு கொப்பியும் பென்சிலும் பையில் போடுங்கள், மாற்று உடுப்பு ஒன்றும் அடியில் வையுங்கள்.